அக்காவின் இசைத்தாள்களுக்கு என்ன நடந்தது

எங்கள் அன்புக்குரிய அக்கா எம்மை விட்டுப் பிரிந்து இன்றுடன் ஓராண்டு நிறைகிறது. ஆட்டைத் திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் உங்கள் கைகளில் தந்த நினைவு மலரில் அக்காவை "இசைக்குயில்" என்றும் "கலைவாணியின் மறுபிறப்பு" என்றும் நாலு பக்கம் புகழ்ந்திருந்தோம். அதை எழுதித் தந்தவர் அக்கா பியானோ வாசித்து ஒரு நாளும் இருந்து கேட்டவரல்லர். ஆகவே இந்த முறை நானே எழுதுகிறேன். அக்கா முப்பது வருடத்துக்கு மேலாகத் தன் கையால் எழுதிய இசையில் இன்று எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. அது எப்படி இல்லாமற் போனது என்பதை உங்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

அக்கா கரவெட்டியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயாவுக்குத் தபால் கந்தோரில் வேலை. அக்காவை யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு கன்னியர் மடப் பள்ளிக்கூட விடுதியில் விட்டுப் படிப்பித்தார்கள். அந்தப் பள்ளி மண்டபத்தில் ஒரு பியானோ நின்றது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் அக்கா சாப்பாட்டு மேசையில் சோக்கட்டியால் பியானோக் கட்டைகளைக் கீறிவைத்து அதன்மேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருப்பார். "வேதக்காரற்றை பெட்டியைப் பழகி என்ன செய்யப்போறாய்? வீணை பழகினாலும் கலியாணத்துக்கு உதவும்" என்று ஐயா கத்துவார். அக்கா வாயும் திறக்கமாட்டார், விரலையும் நிறுத்தமாட்டார்.

ஐரோப்பாவில் இருநூறு வருடத்துக்கு முன் இருந்த ரொமான்டிக் காலத்துப் பியானோக்காரர்கள் என்றால் அக்காவுக்கு உயிர். அவர்கள் மேடையில் வாசித்தார்கள், பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்கள், தாங்களே எழுதினார்கள். "மூண்டையும் செய்தவைதான் முழு ஆக்கள்" என்பார். பதினாறு வயதிலேயே தானும் மூன்றையும் செய்வது என்று முடிவெடுத்தார். செய்தும் முடித்தார். பார்க்கத்தான் எங்களுக்குக் கண் இருக்கவில்லை.

நோர்வேக்கு அக்கா வந்தது படிப்பு விசாவில், ஒரு வருட விடுதிப் பள்ளிக்கு. அங்கே அவர் வாசித்ததைக் கேட்ட ஆசிரியர் இசைக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொன்னாராம். அக்கா விண்ணப்பிக்கவில்லை. ஊரில் சண்டை, செல் விழுந்து வெடித்துக்கொண்டிருந்தது, என்னை இங்கே எடுப்பிக்க வேண்டியிருந்தது. அலுவலகம் துப்புரவாக்கும் வேலைக்குப் போனார். என்னை எடுப்பித்து, மொழி படிப்பித்து, கலியாணம் செய்துவைத்து, ட்வெய்ட்டாவில் குடியமர்த்தினார். தான் கட்டவில்லை. "அவ பியானோவைக் கட்டினவ" என்று நீங்கள் பகிடி விட்டீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன்.

அம்மருட்டில் அக்காவின் வாடகை வீட்டு வரவேற்பறையில் ஒரு பழைய பியானோ. சனிக்கிழமைகளில் அந்த வீடு முழுக்க உங்கள் பிள்ளைகள். நகரின் மறு பக்கத்து ஹொல்ம்லியாவிலிருந்துகூட ரயில் மாறி வந்தார்கள். ஆரணி என்ற பிள்ளை அப்படி வந்தவள்தான். "அக்கா, பிறந்தநாள் வருது, ஒரு சினிமாப் பாட்டுப் பழக்கிவிடுங்கோவன்" என்று கேட்பீர்கள். "அதுக்கு என்னட்டை வரத்தேவையில்லை, கொம்பியூட்டரிலை கிடக்கு" என்பார் அக்கா. முகம் முறித்துக் கதைப்பவர் என்று பேர் எடுத்தார். பிள்ளை ஓரளவு வாசிக்கத் தொடங்கும் நேரம் பார்த்து நிறுத்துவீர்கள். "இனி கராக்தெர்தான், பள்ளிக்கூடப் புள்ளிதான் முக்கியம் அக்கா, அது குறைஞ்சால் மெடிசின் கிடையாது." டொக்டர்கள் வந்தார்கள், சந்தோசம். ஆரணி ஒருத்திதான் நிறுத்தாமல் படித்து இன்று இசை ஆசிரியையாக இருக்கிறாள்.

பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடுகளுக்கு அக்காவை வாசிக்கக் கூப்பிடுவீர்கள். அவர் தான் எழுதியதை வாசிப்பார். நடுவில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "வெள்ளைக் கார்க்காரர் உடனை வந்து காரை எடுக்கவும், கேக் உள்ளுக்கை வர வழியில்லை" என்று அறிவிப்பார். முடிந்ததும் ஒரு பொன்னாடை. அக்கா வீட்டுக்கு வந்து அதை மடித்து அலுமாரியில் வைப்பார். அவர் வாசித்தது எது, யார் எழுதியது என்று ஒரு குருவிகூடக் கேட்டதில்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தார். எங்கட ஆள் இல்லை, பியானோவுக்குச் சுருதி கூட்ட வந்த நோர்வேக்காரக் கிழவர். அன்று நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். சுருதி சரியா என்று பார்க்க அக்கா எதையோ வாசித்தார். "இது யாருடையது?" என்று கிழவர் கேட்டார். "என்னுடையது." "இன்னொரு முறை வாசியுங்கள்" என்று தன் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு இருந்தார். முடிந்தபோது மனுசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரதி கேட்டார். இன்னும் முடியவில்லை, முடித்துவிட்டுத் தருகிறேன் என்று அக்கா சொல்லிவிட்டார். எனக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, நான் உள்ளே போய்விட்டேன்.

வருத்தம் வந்து வைத்தியசாலையில் கிடந்த கடைசிக் கிழமையில் அக்கா என் கையைப் பிடித்தார். "தங்கச்சி, நான் எழுதினதுகளை ஆரணிட்டைக் குடு. அவளுக்கு வாசிக்கத் தெரியும்."

"ஓம் அக்கா, ஓம்."

"எங்கை இருக்கெண்டு தெரியுமோ?"

"தெரியும், தெரியும். நீங்கள் படுங்கோ."

எனக்கு என்ன தெரியும்? பியானோவுக்குமேல் அடுக்கியிருந்த தடித்த புத்தகங்களைத்தான் நான் நினைத்தேன். வேலைநேரம் மாற்றித் தரச்சொல்லி ஒரு கையால் போனில் எழுதிக்கொண்டே தலையாட்டினேன். அவர் ஆயுளில் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அக்காவின் வீட்டை ஒதுக்கினோம். துடக்கு வீடு, கழுவவும் வேண்டும். மாதம் அன்றோடு முடிவதால் வீட்டைத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். எங்கள் தாய்மாமனின் மனைவி, எல்லோருக்கும் மாமி, எழுபது வயதிலும் முட்டுக்காலில் நின்று குளியலறையைத் தேய்த்தார். நான் அந்தப் புத்தகங்களைத் தூசி தட்டி, பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். பதினொரு பொன்னாடைகளையும் மடித்துப் பத்திரப்படுத்தினேன். அவை இப்போதும் என் வீட்டில் இருக்கின்றன, வேண்டியவர்கள் வந்து எடுக்கலாம்.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் ஆரணியைக் கூப்பிட்டு எல்லோருக்கும் முன்னால் அந்தப் பெட்டியைக் கொடுத்தேன். நீங்கள் படம் எடுத்தீர்கள். அவள் துணியை அவிழ்த்து ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினாள்.

"அன்ரி, இதெல்லாம் கடையிலை வாங்கிற புத்தகம். ரீச்சர் எழுதினது எங்கை?"

"இதுதானே?"

"இல்லை அன்ரி. ரீச்சர் கடிதங்களுக்குப் பின்பக்கத்திலை எல்லோ எழுதுறவ. பென்சிலாலை. கட்டிலுக்குக் கீழை பை பையாய் இருந்தது."

அக்காவிடம் பழகிய அத்தனை பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஊரில் எழுத ஒரு தாள் கிடையாது. வந்த கடிதத்தின் பின்புறத்தில் அடிமட்டம் வைத்து ஐந்து கோடு இழுத்து எழுதப் பழகிய அக்கா, கடதாசி மலிந்த இந்த நாட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறார். மின்சாரக் கடிதம், தண்ணீர் நிறுத்தும் அறிவித்தல், கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரம், எல்லாவற்றின் முதுகிலும் அக்காவின் இசை.

"ஆர் எறிஞ்சது?" என்று ஒருவர் கேட்டார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் எறிஞ்சனான். எனக்கு நோர்வே எழுத்து வாசிக்கத் தெரியாதெல்லே" என்றார்.

அன்றே அக்கா இருந்த கட்டடத்துக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். கடதாசித் தொட்டியைக் கிழமைக்கொரு முறை வெறுமையாக்குவார்கள் என்று கட்டடப் பொறுப்பாளர் சொன்னார். சுருதி கூட்டுகிறவரைத் தேடிப்பிடித்து, பிரதி ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். "நான் இரண்டு முறை காதால் கேட்டேன், பிரதி கைக்கு வரவில்லை" என்று மட்டும் சொன்னார். ஆரணிக்கு அக்கா எழுதிய ஓர் இசையின் தொடக்கம் மனப்பாடம். அதற்குமேல் அவளுக்கும் தெரியாது.

இந்த ஒரு வருடமும் நீங்கள் மாமியைச் சும்மா விடவில்லை. "படிப்பறிவில்லாத மனுசி, எல்லாத்தையும் குப்பையிலை கொட்டிட்டுது" என்று கலியாணவீட்டிலும் கதைத்தீர்கள், கோயில் வீதியிலும் கதைத்தீர்கள். மாமி கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். நான் அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

நடந்தது இதுதான். அன்று மாமி கட்டிலுக்குக் கீழிருந்து பைகளை இழுத்தெடுத்து, வாசலில் என்னை மறித்தார். "பிள்ளை, ஒருக்கால் பாரன். இதுக்குப் பின்னாலை என்னவோ பென்சிலாலை கீறிக் கிடக்கு. உன்ரை அக்கான்ரை கையெழுத்து மாதிரி இருக்கு" என்றார். நான் மேலே கிடந்த தாளைப் பார்த்தேன். படிக்கட்டுக் கழுவும் முறை பற்றிய அறிவித்தல். திருப்பிப் பார்க்கவில்லை. "பழைய கடிதங்கள் மாமி. மூண்டு மணிக்கு வீட்டுத் திறப்பைத் திருப்பிக் குடுக்கவேணும், என்னை மினக்கெடுத்தாதேங்கோ" என்றேன். மாமி பையை விடவில்லை. நான்தான் அவர் கையிலிருந்து பறித்தேன். ஆறு பைகளையும் நானே கீழே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டேன்.

அக்காவின் இறுதி நாட்களில் உடனிருந்து பார்த்த தாதிமாருக்கும், கிரியைகளை நடத்திவைத்த குருக்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து தந்தவர்களுக்கும், மலர்வளையம் சாத்தியவர்களுக்கும், தனக்கு மனப்பாடமான ஒரு பக்க இசையை எழுதித் தந்த ஆரணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மாமிக்கு நன்றி என்று எழுத எனக்கு முகமில்லை.

இதை எழுதப்போகிறேன் என்று போன கிழமை மாமியிடம் போய்ச் சொன்னேன். "வேண்டாம் பிள்ளை. நான் இண்டைக்கோ நாளைக்கோ எண்டு இருக்கிறன். நீ இந்தச் சனத்துக்கு நடுவிலை இன்னும் எவ்வளவு காலம் இருக்கவேணும்? இதுகள் உன்னைக் கதைச்சே சாகடிச்சுப்போடுங்கள்" என்றார்.

கதையுங்கள். இனிமேலாவது சரியான ஆளைக் கதையுங்கள்.