அயர்லாந்துக்கு முன் ஒரு மாதம்

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையிலிருந்து என் மனைவிக்கு வேலைக்கான கடிதம் ஒரு சனிக்கிழமை காலை போனில் வந்தது. பதினான்கு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள். கடைசி ஆறு வருஷம் ஐ.சி.யு.வில். இங்கிலீஷ் தேர்வில் முதல் தடவை தோற்று, பஸ்ஸில் நின்றுகொண்டே காதில் ஹெட்போன் மாட்டிப் படித்து, அடுத்த தடவை தேறியவள். குடும்பத்தையும் அழைத்து வரலாம், ஆறு வாரத்துக்குள் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் ஒருமுறை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். குதித்தது நான்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் எங்களுடையது. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் வெளிநாடு என்றால் பிரான்ஸ்தான். கீழ்வீட்டுக்காரர் சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். எங்களுக்கு அந்தத் தொடர்பெல்லாம் கிடையாது. அப்பா மில் தொழிலாளி. எங்கள் வகையறாவில் பாஸ்போர்ட் எடுத்ததே நானும் அவளும் மகளும்தான். அதனால் சாயங்காலத்துக்குள் பாதித் தெருவுக்குச் சொல்லி முடித்திருந்தேன்.

இரவுச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள்.

"நீங்க அங்க என்ன பண்ணுவீங்க?"

"ஏதாவது வேலை கிடைக்காமலா போயிடும்?"

"கிடைக்கிற வரைக்கும்?"

நான் உழவர்கரையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். வீட்டில் என் வேலை பால் வாங்கி வருவதோடு முடிந்தது. சமையலை எங்களோடு இருந்த என் அம்மா பார்த்துக்கொண்டார். மற்றதெல்லாம் மனைவி.

"எனக்கு அங்க பன்னெண்டு மணி நேர டூட்டி. அத்தை வரமாட்டாங்க. பாப்பாவுக்குப் பத்து வயசு. நான் இல்லாதப்ப எல்லாமே நீங்கதான். முடியுமா?"

"முடியும்."

"எப்படித் தெரியும்?"

குரலில் கோபமோ கிண்டலோ இல்லை. எங்கே வலிக்கிறது என்று நோயாளியைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "ஒரு மாசம் இங்கயே அப்படி இருந்து பார்த்துடுவோம். அப்புறம் பதில் போடுறேன்" என்றாள்.

என் அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவளே சொன்னாள்: "அத்தை, ஒரு மாசம் தவளக்குப்பத்துல உங்க பொண்ணு வீட்ல இருந்துட்டு வாங்க. இவரால தனியா முடியுதான்னு பாக்கணும்." அம்மா முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார். "ஆம்பளைய அடுப்புக்கிட்ட நிக்க வைக்கவா நீ நர்சுக்குப் படிச்ச?" மனைவி என் அம்மாவின் மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்துக் கட்டினாள். தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டும் வந்தாள்.

சேர்த்து வைத்திருந்த லீவை எல்லாம் நான் போட்டேன். அவளும் சும்மா இருக்கவில்லை. உடன் வேலை பார்க்கிறவர்களிடம் டூட்டியை மாற்றி வாங்கி, காலை ஏழு முதல் இரவு ஏழு வரை நின்றாள்.

முதல் வாரச் சோறு கஞ்சி மாதிரி இருந்தது. நான் போட்ட பின்னலை மகள் வேனில் ஏறியதும் அவிழ்த்துத் தானே போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூட மீட்டிங்கில் அத்தனை அம்மாக்களுக்கு நடுவில் நான் மட்டும் ஆம்பளை. "அவங்க ஊர்ல இல்லீங்களா?" என்று ஒருவர் அக்கறையாக விசாரித்தார். இரண்டாவது வாரம் புளிக்குழம்பு பிடிபட்டது. எதைப் போட்டாலும் மனைவி குறை சொல்லாமல் சாப்பிட்டாள்.

மூன்றாவது வாரம், பகல் பதினொரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல், வாந்தி. அப்போது ஊரில் டெங்கு பேச்சு. ஆட்டோவில் ஏறியதும் மனைவிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல், க்ளினிக் கூட்டிப் போகிறேன் என்று மெசேஜ் போட்டேன். க்ளினிக் போய்ச் சேர்வதற்குள் ஐந்து தடவை அடித்தேன். டாக்டர் பார்த்தார், ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் ஈரத்துணி போட்டு, மணிக்கொரு தரம் காய்ச்சல் பார்த்து ஒரு தாளில் குறித்தேன். சாயங்காலம் ரசம் சாதம் நாலு வாய் இறங்கியது. உடம்பும் ஆறியது.

ஏழரைக்கு அவள் வந்தாள். கை கழுவினாள், தூங்கும் மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள், என் தாளைப் படித்தாள். பிறகு தட்டை எடுத்து உட்கார்ந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அஞ்சு தடவ அடிச்சேன். ஒரு மெசேஜாவது போட்டியா?"

"ரெண்டாவது தடவையே பாத்துட்டேன்" என்றாள். "டிரெஸ் மாத்துற ரூம்ல போய் நின்னேன். உடனே நம்ம டாக்டருக்குத்தான் பேசினேன். கொழந்தைய வீட்டுக்காரரு கூட்டிட்டு வர்றாரு, பாத்துட்டுச் சொல்லுங்கன்னேன். பயப்பட ஒண்ணுமில்லன்னு அவரு சொன்னப்புறம்தான் வார்டுக்குள்ள போனேன். பர்மிஷன் கேட்டிருந்தா விட்டிருப்பாங்க. பத்து நிமிஷத்துல வந்திருப்பேன்."

"அப்புறம் ஏன் வரல?"

"அங்க இருந்தா நெனச்சதும் ஓடி வர முடியுமா? வராம இருக்க என்னால முடியுதான்னு பாத்தேன். பரீட்ச உங்களுக்கு மட்டும்னா நெனச்சீங்க?"

அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கடிதம் வந்த அன்றைக்கே நான் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டவன். அவளோ ஒவ்வொரு நாளும் தனக்குள் அதை எடைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ தடவை அவளைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு வந்தது மரியாதை.

மாதம் முடிந்ததும் மகளையும் கேட்டாள். "அங்க ஸ்கூல்ல யாரும் எங்கூடப் பேசலன்னா?" என்றாள் மகள். வேறு யாராக இருந்தாலும் பேசுவார்கள் என்று சொல்லித் தேற்றியிருப்பார்கள். "மொதல்ல பேசமாட்டாங்க. கொஞ்ச நாள் கஷ்டமா இருக்கும். எனக்கும் இருக்கும்" என்றாள் இவள். மகள் யோசித்தாள்.

"அப்பா வீட்ல இருப்பாரா?"

"இருப்பாரு."

"அப்ப போலாம்."

பதில் போடுவதற்கு முன் தவளக்குப்பம் போனோம். என் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் எங்க இருக்கட்டும்?" என்றார். மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "நீங்க சொல்ற எடத்துல அத்தை. அந்த வீட்டக் காலி பண்ணப் போறதில்ல." நெல்லித்தோப்பிலேயே இருப்பதாக அம்மா சொன்னார். வாரம் ஒருமுறை தான் வந்து பார்த்துக்கொள்வதாக அக்கா சொன்னாள். அம்மா அன்று அழுதார், எங்களைத் தடுக்கவில்லை.

மறுநாள் மனைவி சம்மதம் என்று பதில் அனுப்பிவிட்டு டூட்டிக்குப் போனாள். நான் ராஜினாமாக் கடிதத்தோடு கம்பெனிக்குப் போனேன்.

"அங்க என்ன வேலை கெடச்சிருக்கு?" என்று மேனேஜர் கேட்டார்.

"வேலை அவங்களுக்கு சார். நான் வீட்டப் பாத்துக்கப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்து அவர் சிரித்தார். நான் கடிதத்தை மேஜையில் வைத்தேன்.