ஹோம்புஷுக்கு முந்திய நிலையம்

ரூத்தை எனக்குத் தெரியாது என்று சொன்னேன். பொய்! பல வருடங்களாகத் தெரியும்.

லிட்கம் என்ற புறநகரில் ஒரு இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் எங்கள் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. மாலையில் ஒன்றாகவே ரயில் ஏறுவோம். நான் என் வீடு இருக்கும் ஹோம்புஷில் இறங்க, அவர் நகரம் வரை போவார். என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குச் சூப் கொண்டுவந்தவர். யூதர். கழுத்துச் சங்கிலியில் சின்ன நட்சத்திரம்.

அன்று இரண்டு இளைஞர்கள் ஏறினார்கள். ஒருவன் அந்த நட்சத்திரத்தைக் கண்டுவிட்டான்.

“யூத நாயே! உங்களில் ஒருத்தரையும் மிச்சம் விட்டிருக்கக் கூடாது!”

ரூத் என் பக்கம் திரும்பினார். அவனும் திரும்பினான்.

“நீ இவளோட ஆளா?”

“நோ மேட்... இவரை எனக்குத் தெரியாது.”

கதவு திறந்தது. ஹோம்புஷ் இன்னும் வரவில்லை. ஆனாலும் இறங்கினேன்! அவன் கை அவர் கழுத்தை நோக்கிப் போவதை ஜன்னல் கண்ணாடியூடாகப் பார்த்தேன்... ரயில் போய்விட்டது. போன் என் கையில்தான் இருந்தது. பொலிசுக்கு அடிக்கவில்லை.

பயமா? பயம் என்றால் உங்களிடம் சொல்வது சுலபம். அந்த நாட்களில் காசாவில் இறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து மனம் கொதித்திருந்தது. அந்தக் கோபத்தில் ஒரு துளி ரூத்தின் மேலும் இருந்ததா? அவர் என்ன செய்தார்? தமிழன் என்பதற்காகவே கொழும்பில் அடி வாங்கியவன் நான்... நானா இப்படி! கேட்கும்போதெல்லாம் வேறு வேறு பதில் வருகிறது. எதையும் நம்ப முடியவில்லை.

“என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?” என்றாள் மனைவி.

“ஒண்டுமில்லை. களைப்பு.”

மறுநாள் ரூத் வேலைக்கு வந்தார். கழுத்தில் சிவந்த கோடு. சங்கிலி இல்லை. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“பொலிசில் முறைப்பாடு செய்தேன். ரயிலில் என்னோடு யாராவது வந்தார்களா என்று கேட்டார்கள். இல்லை, தனியாகத்தான் வந்தேன் என்று சொன்னேன்.”

குரலில் கோபமே இல்லை.

என்னைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னார்? அல்லது... அதுதான் உண்மை என்றா? கேட்கத் துணிவில்லை.

இப்போது அவர் காரில் வருகிறார். காலையில் “குட் மோர்னிங்” சொல்கிறார். நானும் சொல்கிறேன். அந்த இளைஞனுடைய முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பொலிஸ் நிலையத்தைத் தாண்டித்தான் தினமும் நடக்கிறேன்.

இன்றும் தாண்டித்தான் வந்தேன்.