ஏரிக்குள் அவர் பார்த்தது

ஊசுட்டேரியில் பூதம் இருப்பதாக என் கணவர் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற மனிதர். காலையில் ஸ்கூட்டரில் ஏரிக்கரைக்குப் போய் நடந்துவிட்டு வந்து, தண்ணீரிலிருந்து கறுப்பாக நீளக் கழுத்து ஒன்று எழுந்து தன்னையே பார்த்தது என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? படம் பிடித்துக் காட்ட அப்போது எங்கள் செல்போனில் கேமரா கிடையாது.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவள். விடுவேனா? எந்த ஊர் ஏரியில் பூதம் என்றாலும் என்னிடம் காரணம் தயாராக இருக்கும். நீர்நாய்கள் வரிசையாக நீந்தினால் ஒரே உடம்பின் திமில்கள் மாதிரி தெரியும். அடியில் அழுகும் கட்டை, வாயு சேர்ந்து மேலே வந்து மறுபடி அமிழும். காற்றில்லாத நாளில், படகு போனபின் வரும் அலைகூடப் பாம்பாகத் தெரியும். அவருக்கு இட்லி வைத்துக்கொண்டே பாடம் நடத்தினேன்.

"போதும் மதாம். கட்டை திரும்பிப் பாக்குமா?" என்றார்.

மறுநாளும் பார்த்தார். அடுத்த வாரம் பூதம் கரைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டதாம். என் சிரிப்பு நின்றுபோனது. கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை என்றார் அவர். இல்லாதது தெரிகிறதென்றால் தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

ஸ்கேனுக்கு இவர் மசியவில்லை. "இன்னா, எனக்குப் பைத்தியம்னு முடிவே பண்ணிட்டியா? நீயே வந்து பாரு. அங்க ஒண்ணும் இல்லன்னா எந்த டாக்டர்கிட்ட கூப்ட்டாலும் வரேன்."

மறுநாள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும்போது நான் வேண்டாத சாமி இல்லை. கட்டையோ நீர்நாயோ, ஏன், நிஜப் பூதமே இருந்துவிட்டாலும் சரி. இவர் தலைக்குள் மட்டும் ஒன்றும் இருந்துவிடக் கூடாது.

கரையில் நின்றோம். நான் தண்ணீரையே வெறித்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையை என் கை இறுகப் பிடித்திருந்தது.

"அதோ!" என்றார்.

கோரைக்கு அப்பால் கறுத்த கழுத்து ஒன்று சரேலென்று எழுந்து திரும்பியது. பாம்புத்தாரா! உடம்பைத் தண்ணீருக்குள் மறைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பறவை. இதைப் போய் மறந்தேனே! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையும் சிரிப்புமாக, "தெரியுதுங்க, எனக்கும் தெரியுது! பறவைங்க அது!" என்று கத்திக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் கை எதிர்ப்பக்கம் நீண்டிருந்தது. அங்கே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

"எவ்ளோ கிட்ட வந்துடுச்சு பாரு" என்றார்.