கிருபாகரன் பார்த்த உள்ளான்

மதுரையில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த கிருபாகரனுக்கு வாயைத் திறந்தால் புளுகுதான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. நடந்ததை நடந்தபடி சொன்னால் அவருக்குச் சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். அலங்காநல்லூரில் ஒரு காளையின் திமிலைப் பிடித்துத் தொங்கி அதை அடக்கியதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மனைவி ஆனிமேரியோ விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவள். இந்த ஜோடியை எந்தப் புண்ணியவான் சேர்த்து வைத்தாரோ!

பறவை பார்ப்பதில் அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. 1934 ஐப்பசி மழையில் திருப்பரங்குன்றத்துக்கு மேற்கே ஒரு கண்மாய் நிறைந்து கிடந்தது. அங்கே ஓர் உள்ளானைப் பார்த்தார். மற்ற உள்ளான்கள் கரைச் சேற்றில் நடந்து இரை பொறுக்கும். இது தண்ணீரில் மிதந்தபடி, இருந்த இடத்திலேயே பம்பரமாகச் சுற்றிச் சுற்றிக் கொத்தியது. வடதுருவத்துப் பக்கமிருந்து வந்து குளிர்காலத்தைக் கடலிலேயே கழிக்கிற பறவை அது என்று புத்தகத்தில் படித்திருந்தார். இந்தப் பக்கம் அதை யாரும் கண்டதில்லை.

சொன்னார். யார் நம்புவார்கள்? "இன்னைக்குச் சுத்துது, நாளைக்குக் கரகம் ஆடும்" என்று வாத்தியார்கள் கேலி செய்தார்கள். ஆனிமேரியும் சேர்ந்து சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது. ஒரு தடவையாவது அவள் தன் பேச்சை நம்ப வேண்டும் என்று ஏங்கினார்.

ரயில்வேயில் ஓய்வு பெற்ற இன்பசேகரன் பறவை விஷயத்தில் புலி. "நானே வந்து பாக்குறேன். நெசமா இருந்தா உம்ம பேரோட பத்திரிகைல போட்ருவோம்" என்றார். சனிக்கிழமை காலை ஆனிமேரியையும் சேர்த்துக்கொண்டு ஜட்காவில் மூவரும் கிளம்பினார்கள்.

கண்மாய்க் கரையடியில் இறங்கியதும் இன்பசேகரன் உறையிலிருந்து துப்பாக்கியை உருவினார்.

"ஐயா, இது எதுக்கு?"

"பார்த்தேன்னு சொன்னா எவன் ஒத்துக்குவான்? சுட்டு, பஞ்சடைச்சுப் பாடம் பண்ணிப் பத்திரிகைக்கு அனுப்பணும்யா. நீங்க மேல ஏறிப் பாருங்க, தோட்டா போட்டுக்கிட்டு வாரேன்."

புருஷனும் பெண்டாட்டியும் கரைமேல் ஏறினார்கள். மடைக்குப் பக்கத்திலேயே இருந்தது அது. சுற்றியது, கொத்தியது, மறுபடி சுற்றியது.

"ஆத்தி!" என்று கிசுகிசுத்தாள் ஆனிமேரி. "நெசமாவே சுத்துதுங்க!"

கிருபாகரனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கையை நீட்டிக் காட்டினால் போதும், பெயர் அச்சில் வரும், ஊர் வாய் அடங்கும். ஆனால் அம்புட்டுத் தூரம் பறந்து வந்த உயிரைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. விறுவிறுவென்று கீழே இறங்கினார்.

"மன்னிக்கணும்யா. அங்க ஒண்ணுமில்ல. சும்மா அளந்து விட்டேன்."

இன்பசேகரனுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் சந்தேகம் தீராமல் ஆனிமேரி பக்கம் திரும்பினார். "நீங்க பொய் பேச மாட்டீங்க. சொல்லுங்கம்மா, இந்த ஆளை நம்பலாமா?"

கிருபாகரன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

ஆனிமேரி நிதானமாக இறங்கி வந்தாள். "இத்தன வருசத்துல இவரு பேச்ச நம்பி நான் ஒரு காரியமும் செஞ்சதில்லைங்கய்யா" என்றாள்.

இன்பசேகரன் திட்டிக்கொண்டே ஜட்காவில் ஏறிப் போனார். இருவரும் மறுபடி கரைமேல் ஏறி, வெயில் ஏறும்வரை உட்கார்ந்து பார்த்தார்கள். இனி ஊர் எவ்வளவு சிரித்தாலும் கிருபாகரனுக்குக் கவலை இல்லை.

"ஏங்க" என்றாள் ஆனிமேரி, தயங்கித் தயங்கி. "அப்ப அந்த அலங்காநல்லூர்க் காளையும் நெசந்தானா?"

முதல்முறையாக அவள் நம்பத் தயாராக இருந்தாள்.

"அன்னைக்கு நான் மரத்து மேல இருந்தேன் ஆனி" என்றார்.