ஈரக் கைக்குட்டை காய்ந்த வீடு

மலை ஊரில் வீடு பார்க்கப் போகிறவர்கள் கையில் கேமரா இருக்கும். சூப்பர்வைசரம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் பைதான் இருந்தது. அதற்குள் நனைத்துப் பிழிந்த எட்டுக் கைக்குட்டைகள். வீட்டுத் தரகர் அதைச் சாப்பாட்டுப் பொட்டலம் என்று நினைத்துக்கொண்டார். முதல் வீட்டின் கூடத்தில் அம்மா ஒரு கைக்குட்டையை எடுத்து உதறி, ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, "ஒரு அரை மணி நேரம் உக்காருங்க" என்றதும் மனிதர் மிரண்டுபோனார்.

"எதுக்கும்மா?"

"காயுதான்னு பாக்கணும்."

தரகர் அம்மாவின் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் சுவரோரம் இருந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார். நாற்பத்து நாலு வருஷம் அம்மாவோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியவருக்கு எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாதா என்ன?

அம்மா வேலை பார்த்தது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில். துணி எண்ணும் பெண்ணாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ஓய்வு பெற்றார். முப்பத்தொரு வருஷமும் அடித்தளத்தில்தான். ஒரு ஜன்னல் கிடையாது. மேலே எட்டு மாடி நோயாளிகள் படுத்துப் புரண்ட விரிப்புகள் எல்லாம் குழாய் வழியாகக் கீழே வந்து விழும். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு மறுநாள் காலை மேலே போயாக வேண்டும். இயந்திரத்திலிருந்து சூடாக எடுத்த துணியைத் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அம்மாவுக்குக் கோபம் வரும். "சூடான துணி பொய் சொல்லும். ஆறவிட்டுப் பாரு" என்பார். ஒரு முறை உலர்த்தும் இயந்திரம் நாலு நாள் படுத்துவிட்டது. அப்போது கயிறு கட்டி, எங்கெங்கோ கிடந்த மின்விசிறிகளை எல்லாம் பிடுங்கிவந்து ஓடவிட்டு, ஒரு வார்டுக்கும் விரிப்பு இல்லை என்று சொல்லாமல் சமாளித்தவர் அவர். துணி காயச் சூடு வேண்டியதில்லை, நகர்கிற காற்று போதும் என்று அன்றைக்குத்தான் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

கணவர் ஒரு பள்ளியில் டிரில் மாஸ்டர். மைதானத்தின் ஒரு மூலையில் நின்று கத்தினால் அடுத்த மூலையில் இருப்பவன் முதுகு நிமிரும். அப்படிப்பட்டவருக்கு ஆறு வருஷமாக நெஞ்சில் இழுப்பு. நாலு வார்த்தை பேசினால் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டும். டாக்டர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். "இந்த ஊர்ப் புகை ஆகாது. ஈரமும் பூஞ்சணமும் அதைவிட ஆகாது. காத்து சுத்தமா, காஞ்ச வீடா பாத்துப் போயிடுங்க."

மகன் இதைக் கேட்டதும் தன் பதினோராவது மாடி வீட்டில் பின்னறையை வெள்ளையடித்துத் தயாராக வைத்துவிட்டான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அறை ஜன்னல் நெடுஞ்சாலையைப் பார்த்தது, கண்ணாடியைத் திறக்கவே முடியாது. அம்மா ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அடித்தளத்தைத் தூக்கி மேல வெச்சிருக்கான்" என்றார். முப்பத்தொரு வருஷம் ஜன்னல் இல்லாமல் இருந்தாயிற்று. மீதி நாளையாவது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வாழ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மலைக்குத்தான் போவேன் என்றார்.

"மலையில ஈரம் இல்லாம வேற என்னம்மா இருக்கும்?" என்றான் மகன். அது நியாயமான கேள்வி. கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. போய் இருந்து பார்க்கலாம். மழைக்காலத்தில் அப்பாவுக்கு இழுப்பு அதிகமானால் மறுபேச்சில்லாமல் பின்னறைக்கு வந்துவிட வேண்டும்.

அதனால்தான் கைக்குட்டை.

தரகர் காட்டியதிலேயே அழகானது ஏரிக்கரை வில்லா. வாசலில் நின்றால் தண்ணீரும் மரமும் அப்படியே சித்திரம் போல இருக்கும். அதே நேரத்தில் வீடு பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் பால்கனியிலிருந்து உள்ளே வர மனமில்லாமல் நின்றார். அம்மாவின் கைக்குட்டை முக்கால் மணி நேரம் தொங்கியும் பிழிந்தால் சொட்டும் நிலையிலேயே இருந்தது.

"ஏரி நல்லா இருக்கு. ஆனா அது வெளியவே நிக்காது, வீட்டுக்குள்ள வந்துடும்" என்றார் அம்மா.

வங்கி மேலாளர் சிரித்த சிரிப்பில் அவர் தொப்பை குலுங்கியது. அன்றைக்கே அந்த வில்லாவுக்கு முன்பணம் கொடுத்துவிட்டார்.

ஆறாவதாகப் பார்த்த வீடு மேட்டுத் தெருவில் இருந்தது. கீழே சாலையில் ஒரு டயர் கடை. அதன் பக்கத்திலிருந்து ஐம்பத்தெட்டுப் படி ஏற வேண்டும். ஏறி வந்தால் எதிரே தெரிவது ஊருக்குத் தண்ணீர் விடும் தொட்டியின் முதுகு. தரகருக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் கைக்குட்டை இருபத்தைந்து நிமிஷத்தில் மொடமொடவென்று ஆகிவிட்டது.

"இதுதான்" என்றார் அம்மா.

"அம்மா, இங்கேருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாதே!"

"எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுடுச்சு."

குடிவந்த மூன்று மாதமும் ராஜபோகம். மாஸ்டர் காலையில் வாசலில் நின்று கைகளை மேலே தூக்கி இறக்குவார். வாரத்துக்கு ஐந்து படி கூடுதலாக இறங்கி ஏறுவார். தரகர் சும்மா இருப்பாரா? ஊர் முழுக்கக் கதையைப் பரப்பிவிட்டார். கடைத்தெருவில் அம்மாவுக்குக் கைக்குட்டையம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. அம்மா அதைப் பட்டம் போல ஏற்றுக்கொண்டார்.

பிறகு மழை வந்தது.

முதல் நாள் மழை, இரண்டாம் நாள் மழை, மூன்றாம் நாள் மழையோடு மூடுபனி. கொடியில் போட்ட துண்டு மூன்று நாளாகியும் காயவில்லை. நாலாம் நாள் மாஸ்டரின் தோல் செருப்பில் சாம்பல் பூத்திருந்தது. படுக்கையறைச் சுவரில் கை வைத்தால் குளிர்ந்து வழுக்கியது. ஐந்தாம் நாள் காலை மாஸ்டர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். நெஞ்சுக்குள் விசில் சத்தம்.

அம்மா அவர் முதுகைத் தடவிவிட்டார். எங்கே பிசகினோம் என்று யோசித்தார். யோசிக்க யோசிக்கத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்தளத்தில் வெயிலும் கிடையாது மழையும் கிடையாது. வருஷம் பூராவும் ஒரே பருவம். ஒரு முறை காய்ந்த இடத்தில் எப்போதும் காயும். அந்தப் பழக்கத்தில் நல்ல வெயில் நாளில் வந்து, கைக்குட்டையைத் தொங்கவிட்டு, வருஷம் முழுவதற்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். மழைக்காலத்தில் காற்று வேறு திசையில் அடிக்கும் என்று மலையில் இருக்கும் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும்.

மகனிடம் மறைக்கவில்லை. மறைக்கிற ஆள் இல்லை அவர். மகனும் சொல்லிக்காட்டவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேம்மா. பெட்டி நானே கொண்டு வரேன்" என்று மட்டும் சொன்னான். அந்த நல்ல குணம்தான் இன்னும் வலித்தது.

"போயிடலாம்மா... உனக்கும்... வீண் சிரமம்" என்றார் மாஸ்டர்.

"பத்து நாள் இருக்கில்ல? பேசாம படுங்க."

அன்று மதியம் அம்மா ஒரு பழைய வெள்ளை விரிப்பைப் பன்னிரண்டு சதுரமாகக் கிழித்தார். எல்லாவற்றையும் நனைத்து, ஒவ்வொன்றையும் சரியாக ஐந்து முறுக்கு முறுக்கிப் பிழிந்தார். ஒன்று கூடுதலாகவோ குறைவாகவோ பிழிந்தால் கணக்கு ஒப்பாது. கூடத்தில் மூன்று, படுக்கையறையில் இரண்டு, சமையலறை, குளியலறை, வாசல் கூரையடி என்று வீட்டைச் சுற்றிலும் தொங்கவிட்டார். மாஸ்டரின் ஓட்டப்பந்தயக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கால் மணிக்கு ஒரு தரம் சுற்றிவந்தார். உள்ளே தொங்கியவை எல்லாம் காயாமல் கழுத்தை அறுத்தன. வாசலில் தொங்கியது நனைத்ததைவிட அதிகமாக நனைந்திருந்தது.

பின்சுவருக்கு வெளியே, கூரைக்கடியில் விறகு அடுக்கிய இடத்தில் ஒன்று இருந்தது. அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு அங்கே போனபோது அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார். ஐம்பது நிமிஷத்தில், அந்த மழையில், காய்ந்திருந்தது!

மூடுபனி எல்லாம் முன்பக்கப் பள்ளத்திலிருந்து ஏறி வந்து வாசலில் முட்டிக்கொண்டு நிற்க, மலைக்குப் பின்னாலிருந்து வறண்ட காற்று வந்து பின்சுவரில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. சுவரில் ஒரு திறப்பு இல்லை. அம்மா அதன் சுண்ணாம்புப் பூச்சைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மூன்று இடத்தில் நீள்சதுரக் கட்டமாக மெல்லிய விரிசல். மூன்றும் ஜன்னல்கள், யாரோ செங்கல் வைத்து அடைத்துப் பூசியிருக்கிறார்கள்.

மறுநாள் கொத்தனார் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிக்கலாமா வேண்டாமா என்று நின்றார்.

"மழைக்கு எல்லாரும் ஜன்னலை அடைக்கத்தாம்மா கூப்பிடுவாங்க. நீங்க ஒடைக்கக் கூப்பிடுறீங்க. இது மூணும் நானே அடைச்சதுதான். முன்னாடி இருந்தவருக்குக் காத்துச் சத்தம் புடிக்கல."

"நீங்க அடைச்சதா? அப்ப எங்க தட்டுனா விழும்னு உங்களுக்குத் தெரியும்."

"அதெல்லாம் லேசுல விழாதும்மா. நல்லாத்தான் கட்டியிருக்கேன்" என்றார் கொத்தனார், கொஞ்சம் அடிபட்ட குரலில்.

தூசி ஆகாதே என்று மாஸ்டரைக் கீழே டயர் கடைக்காரரின் உள்ளறையில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மேலே இரண்டு நாள் உளி பேசியது. மூன்று ஜன்னலும் திறந்த பிறகு கொத்தனார் கையைத் துடைத்தார். அம்மா விடவில்லை. முன்சுவரில் கூரையை ஒட்டி ஒரு நீளத் திறப்பு போடச் சொன்னார்.

"அது எதுக்கு?"

"உள்ள வர்ற காத்து வெளிய போக வேணாமா? போக வழியில்லைன்னா அது உள்ளேயே வராது. நாலு நாள் மின்விசிறியை வெச்சுக்கிட்டுப் போராடிக் கத்துக்கிட்டதுங்க."

கடைசிச் செங்கல் வெளியே வந்ததும் வீட்டுக்குள் ஒரு இரைச்சல் எழுந்தது. மேஜைமேல் இருந்த காகிதம் பறந்து கூடத்தைக் கடந்தது. கொத்தனார் தலைத்துண்டைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்தார். அம்மா மூன்று ஜன்னலுக்கும் நடுவில், கண்ணை மூடி, அப்படியே நின்றார். அழுகை வந்தது, அழுதார். துடைக்கவில்லை, அதைக் காற்றே பார்த்துக்கொண்டது.

மூன்று ஜன்னலுக்கும் பலகைக் கதவு பொருத்தினார்கள். அதற்குப் பிறகு தினமும் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஜன்னல்கள் திறந்திருக்கும். அந்த நேரத்தில் மாஸ்டர் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில், கம்பளிக்குள். பிறகு அம்மா ஜன்னல்களைச் சாத்தியதும் அறைக்குத் திரும்புவார். இரண்டு நாளில் சுவரின் வழுக்கல் போயிற்று. மூன்றாம் நாள் அந்தப் புழுங்கிய வாடை போயிற்று. ஐந்தாம் நாள் காலை அம்மா காபியோடு போனபோது, முதுகுக்கு அண்டை கொடுக்கும் இரண்டு தலையணையும் தரையில் கிடக்க, மாஸ்டர் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் அவர் அப்படிப் படுத்து அம்மா பார்த்ததில்லை. எழுப்ப மனம் வரவில்லை. காபியைத் தானே குடித்துவிட்டார்.

சனிக்கிழமை வாசலில் ஒரு இருமல். வங்கி மேலாளர். ஐம்பத்தெட்டுப் படி ஏறியதில் முகம் சிவந்திருந்தது. கையில் ஒரு கோட்டு, அதன் காலரெல்லாம் பச்சை.

"அலமாரி பூராவும் இப்படித்தாங்க. உங்க... அந்தக் கைக்குட்டை... எங்க வீட்டுக்கும் ஒரு நடை வந்து பாக்கறீங்களா?"

சும்மா சொல்லக்கூடாது, அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வேறு யாராவது என்றால் அன்றைய சிரிப்பைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அம்மா அவருக்குக் காபி கொடுத்து, "திங்கக்கிழமை வரேன், ஏழெட்டு வெள்ளைத் துணி எடுத்து வைங்க" என்று மட்டும் சொன்னார். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் கதவைச் சாத்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணி வாக்கில் மகனின் வண்டி வந்து நின்றது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. அம்மா சமையலறையில் இருந்தார். என்ன பேசுவது என்று ஒரு வாரமாக வரிசைப்படுத்தி வைத்திருந்தார். காற்று, திசை, ஜன்னல், எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொன்றாக. ஒன்றும் தேவைப்படவில்லை. வாசலிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

"டேய்! கண்ணு எங்கடா வெச்சிருக்க? அடுத்தவன் கடை வாசல்ல வண்டியக் குறுக்க நிறுத்திட்டு நீ பாட்டுக்கு ஏறி வந்துக்கிட்டிருக்கே, அவர் எப்படிடா டயரை உருட்டிக்கிட்டு வெளிய வருவாரு? எடுத்துத் தள்ளி நிறுத்துடா மொதல்ல!"

ஒரே மூச்சு. நடுவில் ஓர் இடத்திலும் நிற்கவில்லை. கீழே டயர் கடைக்காரர் தம் கையில் இருந்த பம்பை விட்டுவிட்டு மேலே பார்த்தார்.

நாற்பத்திரண்டு வயது, தனக்குக் கீழே அறுபது பேர் வேலை செய்யும் அதிகாரி, நாலாவது படியில் விறைத்து நின்றான். "சரிப்பா" என்றான். ஓடிப்போய் வண்டியைத் தள்ளி நிறுத்தினான். பிறகு பின்கதவைத் திறந்து, கொண்டுவந்த இரண்டு பெரிய காலிப் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு ஏற ஆரம்பித்தான். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகும் பெட்டியை எதற்கு எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. கை தானாக எடுத்திருக்க வேண்டும்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். ஜெயிச்சுட்டேன், ஜெயிச்சுட்டேன் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மகன் முப்பதாவது படியில் ஒரு முறை நின்றான். நாற்பத்தைந்தில் இன்னொரு முறை. மேலே வந்து சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டிகளைக் கீழே வைத்து, முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றான். மாஸ்டர் இடுப்பில் கைவைத்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னடா இது, இந்த வயசுல இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணும்... இல்லப்பா... படி..."

"படியா? நான் காலையில ரெண்டு தரம் எறங்கி ஏறிட்டேன். பெட்டி எதுக்கு?"

மகன் அப்பாவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"உள்ள வந்து உக்காருடா" என்றார் மாஸ்டர். "ஈரத்துல உக்காராதே, உடம்புக்கு ஆகாது."