மாலதிக்கு வாசிச்ச குரல்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல இந்தப் போன் எழுதுது. எம் மவ மாலதியைப் பத்திச் சொல்லணும்.

சின்னதுலேருந்து அவளுக்கு எழுத்து ஒரு எடத்துல நிக்காது. வரி மேல வரி ஏறிக்குதும்மான்னு அழுவா. மக்குன்னாங்க. எட்டாவதோட நின்னுட்டா. அவ மக்குன்னு எங்க வூட்டுக்காரர் மட்டும் ஒத்துக்கல. சிப்காட்டுல வேலை முடிஞ்சு வந்து, சட்டையைக்கூட கழட்டாம பாடத்தை வாசிச்சுக் காட்டுவார். காதுல விழுந்தா அவளுக்கு மறக்காது.

போன ஐப்பசியில அவர் போயிட்டார். இவளுக்கு முப்பத்திரண்டு வயசு. பத்தாவது பாஸானா அங்கன்வாடி வேலை கேக்கலாம்னு தனியா பரிச்சைக்குக் கட்டினா. இப்படிப்பட்டவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற டீச்சர் தாட்சாயிணி, சிதம்பரத்துல இருக்காங்க. அவங்கதான் போன்ல ஒண்ணு போட்டுக் குடுத்தாங்க. பக்கத்தைக் காட்டினா வாசிக்கும். வாசிக்கிற வரி மட்டும் மஞ்சளாத் தெரியும். யார் குரல் வேணும்னாங்களாம். அப்பா வாட்ஸப்புல பேசி அனுப்பினதையெல்லாம் இவ குடுத்துட்டா.

அன்னிக்கு விளக்கு வைக்கிற நேரம். இலை வெயில்ல எப்படிச் சாப்பாடு செய்யுதுன்னு உள்ளே அவர் சொல்லிக்கிட்டிருக்கார். தண்ணிச் சொம்போட போய் நிக்கறேன். இவளும் போனும்தான்.

"எடுத்துடுடி. வருசம் திரும்பல. இழுத்து வச்சா எப்படிப் போவார்?"

"வேற குரல் மண்டையில ஏறலம்மா. பரிச்சை முடியட்டும்."

"செத்தவருக்கு என்னடி பாடம்?"

மூணு நாள் விளக்கு வச்சதும் நான் வாசல்லயே போய் உக்காந்துட்டேன்.

அப்புறம் ஒரு அந்தியில, பரிச்சைக்குக் கட்டின விண்ணப்பத் தாளைச் சரிபாக்கப் போனுக்குக் காட்டினா. "மாலதி"ன்னார். அந்தி நேரத்து ஒத்தக் குரலுக்கு எங்க பக்கம் பதில் சொல்லமாட்டோம்; சொன்னா செத்தவங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க. மூணாம் தடவை கூப்பிட்டாத்தான் மனுசக் குரல். என்னைக் கேலி பண்றவ, எங்கையைப் புடிச்சிக்கிட்டா. அடுத்து அப்பா பேரு. தன் பேரைத் தானே வாசிச்சார், தடுமாறாம.

பரிச்சையில போன் கிடையாது. ஒரு டீச்சர்தான் கேள்வியை வாசிச்சு, இவ சொல்றதை எழுதினாங்க. பதில் மட்டும் அப்பா குரல்லயே காதுல கேட்டுச்சாம். பாஸாயிட்டா.

"இப்ப எடுத்துடவாம்மா?"ன்னா.

"நான் சொல்லிப் போன் எழுதின இதை ஒருதரம் வாசிக்கட்டும்"னேன்.

வாசிச்சார். 'போன ஐப்பசியில அவர் போயிட்டார்'ங்கிறதையும் சாதாரணமாத்தான் வாசிச்சார்.

"கீழ உம் பேரைப் போடட்டுமா?"ன்னு கேக்கறா.

வேணாம். போட்டா வாசிப்பார். ஒரு தடவைதான் கூப்பிடுவார். நான் பதில் சொல்லிடுவேன்.