முகாம் பார்த்துவிட்டு வந்தால் குளிக்க வேண்டுமா

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ஜேர்மன்காரர் நோர்வேயைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் ஆட்களை அடைத்த முகாம் ஒன்று ஒஸ்லோவுக்கு வெளியே நினைவிடமாக இருக்கிறது. துணைக்கு வரச் சொன்னாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊரில் யுத்தம் முடிந்த கையோடு அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு ஒரு முகாமில் மாதக்கணக்கில் கிடந்தவள் நான். போதாதா? ஆனாலும் மோர்டென்ஸ்ருட்டில் ரயில் ஏறினேன்.

அந்த நாட்களில்தான் அவளுடைய அப்பாவை இராணுவம் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனது. பிறகு காணவில்லை. இன்றுவரை அவருக்கு ஒரு கிரியையும் செய்ததில்லை. செய்தால் செத்துவிட்டார் என்று நானே சொன்னதாகிவிடும்.

அங்கே மரக் கொட்டில், அடுக்குக் கட்டில்கள், நெளிந்த கிண்ணங்கள். இவர்களுக்குக் கட்டிலாவது இருந்திருக்கிறது என்று நினைத்தேன். வேறொன்றும் தோன்றவில்லை.

சுற்றிக்காட்டிய பெண், தன் தாத்தாவையும் இங்கேதான் வைத்திருந்தார்கள் என்றார். ஒரு நாள் காலையில் கொண்டுபோய்ச் சுட்டார்களாம். எந்த நாள், எந்த இடம், எங்கே புதைத்தது, எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. வெட்கம்கெட்ட பொறாமை. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றியதும் அவள் நேரே துவாயை எடுத்தாள். செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலையில் தண்ணீர் வார்க்காமல் ஒன்றையும் தொட விடமாட்டேன். போன மாரியில் லோறென்ஸ்கூக்கில் ஒரு செத்தவீட்டால் வந்தபோதும், குளிருது குளிருது என்று சிணுங்கியவளைக் குளியலறைக்குள் தள்ளியவள் நான்தான்.

“இப்ப என்னத்துக்குத் தோயிறாய்?”

“செத்த ஆக்களின்ரை இடம்தானே அம்மா. நீங்களும் தோய வேணும்.”

“விசர்க்கதை கதையாதை. எப்பவோ செத்த ஆக்கள். ஆரோ பிறத்தியார். அதுக்கெல்லாம் தேவையில்லை.”

அவள் துவாயைத் திரும்ப வைக்கவில்லை.

“அப்ப அப்பாவுக்கு நாங்கள் எப்ப தோயிறது?”

கோபமில்லாமல்தான் கேட்டாள். அதட்டுவதற்கு வாயைத் திறந்தேன். இத்தனை வருடமாகச் சொல்லிவந்த பதில், அப்பா வருவார் என்பது, நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

“முதல் நீ தோய்ஞ்சிட்டு வா,” என்றேன். “பிறகு நான் தோயிறன்.”

அவள் கதவைச் சாத்தினாள். தண்ணீர் விழத் தொடங்கியது. என் துவாயை எடுத்துக்கொண்டு, ஒன்றையும் தொடாமல், கதவடியில் நின்றேன்.